வெளியேறு என்ற பட்டன்

கோட்டூர்புரத்தில் நான் வாட்ச்மேனாக இருக்கும் அடுக்குமாடியில், இரண்டாவது மாடிப் பெண் ஒரு ஆப் எழுதிக் கொடுத்தாள். கேட்டில் வைத்திருக்கும் போனில் அதைத் திறந்து பேசினால் எல்லா வீட்டுப் போனிலும் கேட்கும். தண்ணீர் லாரி வந்தால் சொல்லிவிட்டு ‘வெளியேறு’ பட்டனை அழுத்துவேன். திரை மறைந்துவிடும்.

அன்றும் அழுத்தினேன். பிறகு என் சொந்தப் போனில் மனைவியைக் கூப்பிட்டேன். சண்டை போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வெளியாட்களிடம் நாலு வார்த்தை பேசவே கூசும் எனக்கு. அவளிடம் அழுதேன். காலில் விழுகிறேன், வந்துவிடு என்று கெஞ்சினேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை முதல் மாடியிலிருந்து காபி வந்தது. மூன்றாவது மாடியிலிருந்தும் வந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் இஸ்திரி போடுகிறவர்தான் சிரித்தார்.

“இன்னா நைனா, வூட்டுக்காரம்மா வந்துச்சா? மூணாவது மாடில துணி வாங்கிக்கினு நிக்கிறேன், அந்தம்மா போன்ல நீ அழுவுற!”

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஆப் எழுதிய பெண் இறங்கி வந்தாள். “சாரிண்ணா, தப்பு என்னோடதுதான். அந்த பட்டன் திரைய மட்டும்தான் மூடுது. மைக் பின்னாடி ஓடிட்டே இருந்திருக்கு. இனிமே மைக்க நிறுத்திட்டு, ஆப்பையே முழுசா மூடிடற மாதிரி எழுதிடறேன். யாரும் ஒண்ணும் நினைக்கலண்ணா.”

அந்தக் கடைசி வார்த்தைதான் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் புதிதாக ஏற்றிக் கொடுத்தாள். “நான் மேல போய்க் கேக்கறேன். நீங்க பட்டன அழுத்திட்டு ஏதாவது பேசுங்க.”

அழுத்தினேன். திரை மறைந்தது. வாய் திறக்கவில்லை. மாடி முழுக்கக் காது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. தொண்டையைக்கூடச் செருமவில்லை.

ஓடி வந்தாள். “ஒண்ணுமே கேக்கலண்ணா! சூப்பர்!”

நான் பேசவே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மறுபடி பேசச் சொல்வாளே என்று தலையை ஆட்டினேன்.

அன்று மாலை என் போன் அடித்தது. மனைவி. மேஜைமேல் இருந்த கேட் போனைப் பார்த்தேன். என் போனைக் கையில் மூடிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். அதற்குள் நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன்.

“இன்னா, எடுக்க இவ்ளோ நேரமா? நா வர்றதா, வேணாமா?”

“வா” என்றேன். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அதையும் மெதுவாகத்தான் சொன்னேன்.

“இன்னா? கேக்கல” என்றாள்.