புண்ணில் தூவிய மாத்திரை

என் மடத்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபயாட்டிக் கேப்ஸ்யூலை விழுங்காமல், திருகிப் பிரித்து, உள்ளே இருந்த பொடியைத் திருநீறு மாதிரி புண்ணில் தூவினேன். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் ரோலிங் மில்லில் கம்பி கிழித்தால் இதுதான் வைத்தியம். மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்குவோம். இரண்டைத் தூவி, ஒன்றை விழுங்கி, மிச்சத்தை அடுத்து அடிபடுகிறவனுக்கு எடுத்துவைப்போம். இந்த விஷயத்தில் மில்லுக்கே தலைமை மருத்துவர் நான்தான்.

இந்த முறை கம்பி கிழித்தது என் கெண்டைக்காலை; மூன்று மாதமாகியும் புண் ஆறவில்லை. சீழ் வடிந்தது. என் மனைவி என்னை ரயிலேற்றிச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். சீழைச் சோதித்த டாக்டரம்மா, அரைகுறை மாத்திரைக்குப் பழகிப்போன இந்தக் கிருமி பெரும்பாலான மருந்துகளுக்கு அசையாது என்றார். எலும்புக்குள் போய்விட்டால் முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டிவருமாம்.

"அப்ப ஒத்த செருப்பு வாங்கினா போதும், இல்ல மேடம்?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"கேக்கற மருந்து ஒண்ணுதான் மிச்சம்," என்றார் டாக்டரம்மா. "அது தனியா ஜெயிக்கிறது கஷ்டம். உங்க ரத்தத்துல இருக்கிற வெள்ளணுக்களும் கூடச் சேர்ந்து சண்டை போடணும். அதுங்கள உசுப்பிவிட ஒரு ஊசி இருக்கு. இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. நிச்சயமா கேக்கும்னு சொல்ல மாட்டேன்."

"உசுப்பறதுக்கு ஊசி எதுக்கு மேடம்? எங்க ஊட்டுக்காரி நாலு வார்த்த பேசினா போதும்."

"காலே போவப்போவுது, இன்னா பேச்சு பேசற நீ? கையெழுத்துப் போடுய்யா!" என்றாள் மனைவி. டாக்டரம்மா நீட்டிய சம்மதப் படிவத்தில் போட்டேன்.

அந்த மருந்தோடு ஊசியும் போட்டதும் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. வெள்ளணுக்கள் எழுந்தனவோ என்னவோ, நான் படுத்துவிட்டேன். ஆனால் இரண்டாவது வாரத்தில் சீழ் நின்றது. புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை எட்டிப் பார்த்தது. எலும்பை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, காலை எடுக்க வேண்டியதில்லை என்றார். மனைவி திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊசி காப்பாத்துச்சா, மருந்து காப்பாத்துச்சா மேடம்?"

"ரெண்டும் சேர்ந்துதான். எது எவ்வளவுன்னு எனக்கே தெரியாது. வீட்டுக்குப் போனாலும் கடைசி மாத்திரை வரைக்கும் சாப்பிடணும்."

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், தெருமுனை வரை நடந்துபோய்த் திரும்பினேன். தலை கால் புரியவில்லை. மனைவி மாத்திரையும் தண்ணீருமாக எதிரே நின்றாள்.

"ஒடம்பே சண்ட போடக் கத்துகினுச்சே, இனிமே இது எதுக்குடி?" என்றேன்.

"மூடிக்கினு முழுங்கு."