உட்கார்ந்து ஆடிய களியல்

குமரி மாவட்டம் கருங்கல் ஊரில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் பதினோரு வருஷம் நின்றேன். வேலை பார்த்தேன் என்பதைவிட நின்றேன் என்பதே சரி. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு எட்டரை வரை. கடையில் ஈ, காக்கை இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. சுவரில் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மேலாளர் வந்துவிடுவார். என் கெண்டைக்கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக் கிடந்தது.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளி இருபது ஸ்டூல் வாங்கினார். அவை குடோனில் இருந்தன. அதிகாரி வரும் நாளில் வெளியே வரும். அவர் போனதும் உள்ளே போகும்.

இந்த லட்சணத்தில்தான், "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று சென்னையிலிருந்து ஒருவர் வந்து வகுப்பெடுத்தார். ஊழியர் ஒற்றுமைக்கு, ஆண்டு விழாவில் பெண்கள் களியல் ஆட வேண்டும் என்றார். களியல் எங்கள் கடற்கரையில் ஆண்கள் ஆட்டம். நடுவில் விளக்கு வைத்து, சுற்றி வந்து, கம்போடு கம்பு தட்டி ஆடுவார்கள். அண்ணன்மார் ஆடியதைப் பார்த்தே எனக்கு எல்லாம் பாடம். அதனால் பாட்டுக்கும் தாளத்துக்கும் என்னைப் போட்டார்கள். ஜால்ரா அடிப்பதில் தேர்ந்தவர்கள் கடையில் வேறு பலர் இருந்தும்!

பயிற்சி, மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில். நாங்கள் உட்கார்கிற நேரம் அது ஒன்றுதான்; அதையும் ஒற்றுமை எடுத்துக்கொண்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

களியலில் தரையில் உட்கார்ந்து தட்டும் அடவு ஒன்று உண்டு. பாடுகிறவர் பாட்டை மாற்றினால்தான் எழலாம். அதைச் சொல்லிக்கொடுத்த அன்று, சுடிதார் பிரிவுக்காரி கண்ணை மூடிக்கொண்டு, "ஏட்டி, இப்பிடியே இருந்தா என்ன?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

விழா அன்று கடை வாசலில், முன்வரிசையில் முதலாளி குடும்பம். பின்னால் வாடிக்கையாளர்கள், கைகளில் போன். அந்த அடவு வந்ததும் ஆடிய பெண்கள் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து தட்டினார்கள். நானும் உட்கார்ந்து, ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினேன். ஐந்து நிமிஷம் போனது, பத்தும் போனது. பயம் இல்லை என்றால் பொய். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் பாட்டை மாற்றவில்லை.

"போதும், எழும்புங்க" என்றார் முதலாளி, சிரித்தபடி.

தாளத்தை நிறுத்தினேன். "குடோன்ல கெடக்க ஸ்டூல் எல்லாம் இங்க வரட்டும் சார். வந்தா எழும்புதோம்."

"அத நாளைக்குப் பேசலாம்லா?"

"நாளைக்கு வரைக்கும் எங்களுக்கு இருக்க முடியும் சார். இருக்கதுக்குத்தான இவ்வளவு ஆசையும் கொதியும்."

பின்னால் ஒரு அம்மா கை தட்டினார். அப்புறம் நிறையக் கைகள். போன்கள் எல்லாம் முதலாளி பக்கம் திரும்பின. அவர் சிரிப்பு போய்விட்டது.

இருபது ஸ்டூலும் வந்தன, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பாட்டை மாற்றினேன். அன்று அவர்கள் எழுந்து தட்டிய தட்டில் இரண்டு கம்பு ஒடிந்தது.

அடுத்த மாதமே என்னைக் குடோனுக்கு மாற்றினார்கள். பிழைக்கத் தெரியாதவள் என்று வீட்டிலும் சொன்னார்கள். சொல்லட்டும். சேலைப் பிரிவில் ஆள் இல்லாத நேரத்தில் இன்று எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். குடோனுக்குப் போகும்போது எனக்கும் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். யாரிடமும் கேட்கவில்லை.