கச்சிமுகம்மது காக்கா கீறிய ஜித்தா

1981ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு என் தங்கை சுபைறா வீட்டு வேலைக்காக ஜித்தாவுக்குப் போனாள். அவளுக்குக் கறுப்பு ஹபாயா அங்கி தைத்துக் கொடுத்தவர், இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் ஊரான கல்முனைக்குடியில் தையல் கடை வைத்திருந்த கச்சிமுகம்மது காக்கா; காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். அவள் போய் எழுதிய முதல் கடிதத்தில்தான் எங்களுக்கு ஒரு விசயம் தெரிய வந்தது. ஹபாயாவின் உட்பக்கம் நாங்கள் கேட்காத ஒரு பை இருந்ததாம். அதற்குள் கறுப்பு நூல் சுற்றிய ஊசி ஒன்று, எங்கள் விலாசத்தை இங்கிலீசில் எழுதிய எயார்மெயில் உறை இரண்டு. நான் காக்காவிடம் போய் அதைச் சொல்லி, நன்றியாக ஜசாகல்லாஹ் என்றேன். "ஊசியெண்டா டெயிலர்ர கடையில கிடக்கிற சாமான்தானே தம்பி" என்று மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தார்.

அந்த இரண்டு உறையிலும் இரண்டு கடிதம் வந்தது. பிறகு எட்டு மாதம் ஒன்றுமில்லை. அவளை அனுப்பிய ஏஜன்டைத் தேடிக் கொழும்புக்குப் போனேன். அவன் இருந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. என் உம்மா ஆயிஷா உம்மா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "அவள் உசிரோட இருக்காளா எண்டு மட்டும் கேட்டுச் சொல்லு காலிதீன்" என்பா. யாரிடம் கேட்பது? கடிதத்தில் விலாசமில்லை. பச்சைக் கேற் போட்ட வாசல், எதிரே உயரமான தண்ணீர்த் தாங்கி, விடியற்காலை சுபஹு நேரத்தில் கப்பல் ஊதும் சத்தம். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"வீட்டக் கண்டுபுடிப்பம்" என்றார் காக்கா. எனக்கு விளங்கவில்லை. அவர் கொழும்பைத் தாண்டாத மனிசன்.

படம் கீறித் தேடும் இந்த யோசனை அவருக்கு வந்தது கனகசபாபதி மாஸ்டரால். பாண்டிருப்பில் பூமிசாத்திரம் படிப்பிக்கிற அவர் காற்சட்டை தைக்க வரும்போது, ஐந்நூறு வருசத்துக்கு முந்தி ஐரோப்பாவில் படித்த ஆட்கள் உலகப்படம் கீறிய கதையைச் சொல்வார். ஒருநாள் நானும் இருந்தேன்.

"அவங்க எல்லாரும் கப்பல்ல போய்ப் பார்த்தவங்களா, மாஸ்டர்?"

"எங்க காக்கா! கனபேர் வீட்டுக்குள்ள இருந்தவங்கதான். கடலால வாறவனப் புடிச்சுக் கேக்கிறது. யாவாரி ஒண்டு சொல்லுவான், மாலுமி ஒண்டு சொல்லுவான், யாத்திரை போன சாமியார் இன்னொண்டு சொல்லுவார். பக்கத்தில பழைய கிரேக்கப் புத்தகம் விரிச்சுக் கிடக்கும். அதோடயும் ஒத்துப் பாக்கிறது."

"ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொன்னா?"

"அதில அவங்களுக்கும் பெரிய குழப்பம். பழைய புத்தகத்தில சொன்ன பெரிய தீவு இலங்கைதான் எண்டு சிலபேர், இல்ல சுமாத்திரா எண்டு சிலபேர். ஒரே தீவ ரெண்டு இடத்தில கீறி ரெண்டு பேர் வச்ச ஆளும் இருக்கு."

"நம்மள ரெண்டு இடத்தில வச்சாங்களா?" பெண்களுக்கு அளவெடுக்கும் திரைக்குப் பின்னாலிருந்து காக்காவின் மனைவி சல்மா உம்மா கேட்டா. "ஒரிடத்துக்கே அரிசி காணாது."

ஜித்தாவிலிருந்து வருகிற பெண்கள் அங்கே வாங்கிய துணியை இந்தக் கடைக்குத்தான் தைக்கக் கொண்டுவருவார்கள். திரைக்குப் பின்னால் சல்மா உம்மா அளவெடுத்தபடியே கதை கேட்பா. திரைக்கு வெளியே காக்கா, சட்டை வெட்டுகிற பழுப்புத்தாளில் சோக்கட்டியால் கீறுவார்.

"தண்ணித் தாங்கிக்கும் பள்ளிவாசலுக்கும் எத்தனை எட்டு நடை எண்டு கேளுங்க" என்று உள்பக்கம் சத்தம் கொடுப்பார்.

"கேற்றுக்கு வெளியால விட்டாத்தானே காக்கா எண்ணுறதுக்கு!" என்று ஒருநாள் றாஹிலா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். அவள் இரண்டு வருசம் அங்கே இருந்தவள். "ஆனா ஒண்டு தெரியும். கிப்லாவப் பார்த்துத் தொழ நிண்டா கடல் முதுகுப்பக்கம். தாங்கி இடக்கைப் பக்கம். நம்மட ஊரப் போலதான் கடல்."

வேறு மூன்று பெண்களும் அப்படியே சொன்னார்கள். மக்கா இருக்கும் கிப்லாத் திசை எங்களுக்கு மேற்கு. ஆகவே காக்கா கடலை முதுகுப்பக்கமான கிழக்கே கீறினார், தாங்கியைத் தெற்கே வைத்தார். பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்துல் ஹமீட் வந்து, சூரியன் கடலுக்குள்தான் விழும் என்று சத்தியம் பண்ணினான். மாஸ்டர் சொன்ன ஆட்களைப் போலக் காக்காவும் இரண்டையும் கீறினார். ஜித்தாவுக்கு இரண்டு பக்கமும் கடல் வந்தது. அந்தத் தாளைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். இதை வைத்துக்கொண்டா என் தங்கையைத் தேடப் போகிறோம்?

பாலமுனை சரீப் ஜித்தாவில் லொறி ஓடுகிறவர். லீவு முடிந்து போகும்போது படத்தைக் கொண்டுபோனார். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. காக்கா கடையில் வைத்துச் சத்தமாக வாசித்தார்.

"மேற்குக் கடல் எனக்குத் தெரியும். பொம்புளைகள் நாலு பேரும் சொல்றதால கிழக்குக் கடலையும் தேடி ஒரு மணித்தியாலம் ஓடினன். மணலும் மலையுந்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் போனா மக்கா வந்திரும். கடலக் காணல்ல."

சல்மா உம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்தா. "மக்கா கிழக்கயா?"

"கிப்லா எப்பிடிக் கிழக்க வரும்?" என்றேன் நான். நாற்பது வருசமாக மேற்கைப் பார்த்துத் தொழுகிறவன். மேற்கு வேலியைக்கூடக் கிப்லாப் பக்க வேலி என்றுதான் நாங்கள் சொல்வோம்.

"நாம மக்காவுக்கு இங்கால இருக்கம், அவளுகள் அங்கால இருக்காளுகள்" என்று சல்மா உம்மா புருசனைப் பார்த்தா. "அவளுகள் பொய் சொல்லல்ல. நீங்கதான் அவளுகளக் கல்முனையில வச்சுத் தொழ விட்டிரிக்கிங்க."

காக்கா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். எனக்கும் அன்று அஸர் தொழ நின்றபோது ஒருமாதிரி இருந்தது. கஃபா இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நாம்தான் சுற்றி நிற்கிறோம். அது தெரிந்த விசயந்தான். ஆனால் தெரியாமலும் இருந்திருக்கிறது.

காக்கா பெண்கள் சொன்ன பாதித் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி, தலைகீழாகத் திருப்பி, ஹமீட் சொன்ன பாதியோடு மிஷினில் வைத்துத் தைத்தார். கடல் ஒன்றாகி மேற்கே வந்தது. தாங்கி வடக்கே போனது. தையலோடு படம் மறுபடி ஜித்தாவுக்குப் போனது.

சரீப் படம் காட்டிய பக்கத்தில் பச்சைக் கேற் மூன்று கண்டார். மூன்றாவதைத் தட்டியபோது ஒரு இந்தோனேசியப் பெண் வந்து, சுபைறா அந்த வீட்டு எசமானின் தாயோடு மலை நகரான தாயிபுக்குப் போய்விட்டாள் என்றாளாம். சரீப் கடிதம் ஒன்றை எழுதி, சுபைறாவிடம் சேர்க்கச் சொல்லி அவளிடம் கொடுத்தார். நாலு மாதத்தில் சுபைறாவின் கையெழுத்தில் பதில் வந்தது. சுகமாக இருக்கிறாளாம்; ஏஜன்டிடம் நாங்கள் கொடுத்தனுப்பிய ஒரு கடிதமும் அவளுக்குக் கிடைக்கவில்லையாம்; அவள் எழுதிக் கொடுத்ததை யாரும் தபாலில் போடவில்லையாம். உம்மா அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கோப்பை சோறு தின்றா.

ஆனால் சரீப் அடுத்த லீவில் படத்தோடு வந்தபோது, அந்தச் சந்தியில் ஒரு மலையாளத்துக் கடைக்காரனையும் விசாரித்ததாகச் சொன்னார். அப்படியென்றால் காட்டித் தந்தது படமா, கடைக்காரனா? எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு மேல் இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. 1984இல் சுபைறா ஊருக்குத் திரும்பி வந்து அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு?" என்று கேட்டாள். காக்காவின் முகம் சுருங்கிப் போனது.

இரண்டு வருசத்துக்குப் பிறகு காக்கா நெஞ்சு வருத்தத்தில் படுத்துவிட்டார். நானும் சுபைறாவும் பார்க்கப் போனோம். பேச்சு மெல்லத்தான் வந்தது. தலையணைக்குப் பக்கத்தில் புதுப் பழுப்புத்தாள் ஒன்று இருந்தது.

"தங்கச்சி, தாயிப் மலையில ஏறக்குள்ள பாதை எந்தப் பக்கமா வளைஞ்சிச்சி?"

"வேன் ஜன்னல்ல திரை போட்டிருந்திச்சி, காக்கா. நான் ஒண்டும் காணல்ல."

மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவர் உயிர் பிரிந்து மௌத்தான செய்தி வந்தது. முந்தின நாள் நாங்கள் சலாம் சொல்லி எழும்பும்போது, அவர் சோக்கட்டியைத் தேடிக் கையில் எடுத்துக்கொண்டு சுபைறாவிடம் சொன்னார்: "காணாட்டிப் பரவாயில்ல மகள். அந்த இடத்தில 'காணல்ல' எண்டே எழுதுவம்."