பேனர் கோட்டு

பாளையம்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கும் மாரிச்செல்வம் வாழ்நாளில் கோட்டு போட்டதில்லை. கல்யாண பேனர் அடித்த ஸ்டுடியோக்காரர்தான், யாரோ ஒருவருடைய நீலக் கோட்டின்மேல் அவன் தலையை ஒட்டிவைத்தார். பஸ் ஸ்டாப்பில் அதைப் பார்த்த கூட்டாளி நல்லகண்ணு, "ஏலே, தலை ஒன்னுது. ஒடம்பு யாருதுலே?" என்று கேட்டுவிட்டான்.

தறி ஓடுகிற ஊரில் பருத்திச் சட்டைக்கா பஞ்சம்? ஆனாலும் அந்த ஒரு கேள்விக்காக மதுரைவரை போய், கம்பளி கனத்தில் ஒரு நீலக் கோட்டு வாங்கிவந்தான் அந்த அறிவாளி.

அக்னி நட்சத்திர வெயில். தாலி கட்டிய கையோடு கோட்டை மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றான். பத்தே நிமிடத்தில் முகத்துப் பவுடர் கரைந்து காலரில் வழிந்தது. கண் சொருகியது.

"கோட்டைக் கழட்டுங்க" என்றாள் புதுப்பெண்டாட்டி அமுதவள்ளி.

"நல்லகண்ணு முன்னாலதான் உக்காந்திருக்கான். சிரிப்பான்."

"மயங்கி விழுந்தா மட்டும் அழுவாகளாக்கும்?"

அவளே பொத்தான்களைக் கழற்றி, கோட்டை நாற்காலி முதுகில் போட்டாள். நாற்காலிக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. நல்லகண்ணு சிரிக்கத்தான் செய்தான். சிரித்துக்கொண்டே எழுந்துவந்து மின்விசிறியை மாப்பிள்ளை பக்கம் திருப்பிவைத்தான்.

பஸ் ஸ்டாப்பில் பேனர் மாப்பிள்ளை மட்டும் உச்சிவெயிலில் கோட்டோடு நின்றுகொண்டிருந்தான்.