சாலைக் கடைத்தெருவில் கிளம்பிய ஜப்பான் வண்டி

கரமனை தாணுமாலையனிடம் "சௌக்கியமா?" என்று கேட்டுப் பாருங்கள், ஜப்பான் டீசல் வண்டியைப் பற்றித்தான் பதில் வரும். மனிதர் ஜப்பானைக் கண்ணால் கண்டதில்லை! அங்கே பனிமலைப் பாதையில் ஓடி ஓய்ந்த, தனக்கென்று எஞ்சின் உள்ள ரயில் பெட்டிகள் கப்பலேறி மொசாம்பிக் வந்தன. பிழைப்புத் தேடி இவரும் அங்கே போய்ச் சேர்ந்தார். பத்துப் பன்னிரண்டு வருடம் அவற்றுக்கு மெக்கானிக். குளிருக்குப் பிறந்த எஞ்சினை ஆப்பிரிக்க வெயிலில் ஓடவைத்தார். கதவிலிருந்த ஜப்பானிய எழுத்தை மட்டும் யாரையும் அழிக்க விடவில்லை. ஊர் திரும்பிய பிறகும் வீட்டில் அதே பேச்சு. "உங்க ரெண்டாந்தாரம் சுகமா?" என்பாள் மனைவி மாடம்மாள்.

அந்த ரெண்டாந்தாரத்துக்குத்தான் போன மாதம் உயிருக்கு ஆபத்து. மற்ற பெட்டிகளெல்லாம் பழைய இரும்பாகிவிட்டன. மிச்சம் ஒன்றே ஒன்று. அதைப் பள்ளிப் பிள்ளைகள் போய்வர ஓட விடலாமா, வெட்டி விற்கலாமா என்று பார்க்க அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். எஞ்சினோ கிளம்புவேனா என்கிறது. கூட வேலை பார்த்த நெய்யாற்றின்கரை சுனில் மொசாம்பிக்கிலிருந்து போனில் கூப்பிட்டபோது, தாணுமாலையன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மனைவியோடு சேனைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எல்லாம் நோக்கியாச்சு. வெட்டத்தான் போறாங்க."

"விரல் நீட்டிப் பாத்தியாடே?"

ஜப்பான்காரர்கள் வண்டியோடு அனுப்பிய வழக்கம் அது. ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி, அதன் பெயரையும் நிலையையும் உரக்கச் சொல்ல வேண்டும்.

"சாரெல்லாம் நிக்காங்க. நாணக்கேடா இருக்கு அண்ணே."

"நான் நடுரோட்டுல நின்னு சொல்லுதேன், உனக்கு என்னடே நாணக்கேடு? ம், பாட்டரி!" என்று வலக்கையை நீட்டினார்.

"பாட்டரி ஓக்கே."

"காத்து பிரஷர்!"

விரல் போன திசையில் இருந்த வெங்காயக் கடைக்காரர், "எது அண்ணாச்சி, சின்னதா பெருசா?" என்று எழுந்து வந்தார். மாடம்மாளுக்கு மானம் போயிற்று.

"டீசல் வால்வு!"

"திறந்திருக்கு."

"வாய்தான் சொல்லுது. விரல் எங்கடே?"

அந்தப் பக்கம் சுனில் குனிந்து வால்வுக்கு நேரே விரலை நீட்டினான். பிறகு, "என்டெ அம்மே! அண்ணே, அடைச்சில்ல கிடக்கு!"

ஃபில்டர் மாற்றும்போது மூடிய வால்வு. திறக்க எல்லாரும் மறந்திருக்கிறார்கள். சுனில் அதைத் திறந்து, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட்டரை அழுத்தினான்.

இரண்டு இருமல். அப்புறம் போனே அதிர்ந்தது. அறுபதை எட்டப் போகிற மனிதர், கிழங்குக் குவியலுக்கு முன்னால் நின்று சந்தோஷத்தில் அழுதார்.

"பிள்ளைங்களுக்கே விடுறாங்களாம் அண்ணே!" என்று சுனில் கத்தினான்.

மாடம்மாள் போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். கடைக்காரர் வாயெடுத்தார், கையமர்த்தினாள்.

"சும்ம இருங்க அண்ணாச்சி. இத்தன வருசம் இவர என் பக்கத்துல இருக்க விடாத வண்டி. என்ன சொல்லுதுன்னு நானும் ஒருக்கா கேக்கேன்."