நாட்டுக்காகச் சொன்னது

சீனாவோடு சண்டை நடந்த சமயம். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த நான் இன்னும் கான்ட்ராக்ட். டார்ஜிலிங்கிலிருந்து வந்த வெல்டர் குருங் பர்மனென்ட், குவார்ட்டர்ஸ் வேறு. எனக்கு வயிறு எரிந்தது.

கேட் காவலரிடம் போய், "அவன் மூஞ்சியப் பாத்தீங்களா? சீனாக்காரனா இருப்பானோன்னு சந்தேகமா இருக்குதுங்க. நாட்டுக்காகச் சொல்றேன்" என்றேன்.

குவார்ட்டர்ஸ் வாசலிலேயே அவன் டிரங்குப் பெட்டியைக் கொட்டினார்கள். துணிக்கு அடியில் ஒரு போட்டோ, பட்டாள உடுப்பில் ஒருவன்.

"நம்ம தம்பி. எல்லையில சண்டை போட்டுகினு இருக்கான்" என்றான் குருங், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே.

கூடியிருந்தவர்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன். அப்போதும் வெட்கம் வரவில்லை. எனக்கு அப்படியொரு தம்பி இல்லையே என்றுதான் எரிந்தது. வெட்கம், நானும் பர்மனென்ட் ஆகி ரிட்டையரான பிறகுதான் வந்தது.