பாவடியில் பந்து

கல்லூரியில் விசில் வைத்திருக்கிறவர் டிரில் மாஸ்டர் ஒருவர்தான். அதை ஊதினால் திரும்பிப் பார்க்காதவர்கள் மற்ற எல்லாரும். இந்த உத்தியோகத்தில் காலம் தள்ளிய அன்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கணக்கு வாத்தியார் வராவிட்டால் பையன்களுக்குச் சந்தோஷம். நாம் வராவிட்டால் அது யாருக்கும் தெரியவே தெரியாது.

வெள்ளைக்காரன் காலத்தில் சேலத்தில் ஒரு கல்லூரியில் இப்படித்தான் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாசி மாதம் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். எங்கள் மைதானத்தில் புதுக் கட்டடம் எழும்பப் போகிறது, செங்கல்லும் சுண்ணாம்பும் வந்து இறங்கிவிட்டன, ஆகையால் கால்பந்து டீமைக் கலைத்துவிடலாம் என்றார். நான் விடவில்லை. கெஞ்சினேன். கடைசியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பங்குனி கடைசியில் நானே வந்து பார்ப்பேன். ஆடத் தெரிந்த பதினொரு பேரைக் காட்டும். ஒருவன் குறைந்தாலும் அடுத்த வருஷம் டீம் கிடையாது" என்றார். டீம் இல்லாத ஊரில் டிரில் மாஸ்டருக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. கேட்பதற்குள் நான் ஆள் பிடிக்க ஓடினேன். பெரிய வகுப்புப் பையன்கள் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டார்கள். சின்ன வகுப்புகளில் சல்லடை போட்டுச் சலித்ததில் தேறியது சரியாகப் பதினொரு பேர்!

இடம் பிடித்தேன்

ஆள் கிடைத்தால் போதுமா, ஆட இடம் வேண்டாமா? நெசவாளர் தெருக்களுக்கு நடுவில் ஒரு பாவடி இருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்த்துக் காயவைக்க ஊருக்குப் பொதுவாக விட்ட வெளி அது. அப்படி விரித்த நூலுக்குத்தான் பாவு என்று பெயர். விடியற்காலையில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. வெயில் ஏறினதும் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் பொழுது சாயும்வரை ஆடு மேயும். அந்த வெளியைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

அந்தத் தெருக்களுக்குப் பெரியதனக்காரர் அங்கமுத்து. ஒல்லியான மனுஷர், மீசை மட்டும் கனம். நான் போய் நின்றபோது தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மிதியை மிதித்துக்கொண்டே கேட்டார், நூல் நாடாவை இழைகளுக்குள் ஓட்டிக்கொண்டே யோசித்தார். என்ன கால் ஐயா அது! தொழில் புத்தி போகுமா? அவர் முகத்தை விட்டுவிட்டு அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவழியாகத் தறியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"சாயங்காலம் ஆடிக்குங்க வாத்தியாரே. ஆனா கல்யாண மாசம் வருது, நெருக்கடிக்கு ஒரு ஓரமாச் சாயங்காலமும் பாவு கிடக்கும். பந்து அதுல பட்டுதுன்னா, அடிச்சவன் எவனா இருந்தாலும் அப்பவே வெளிய போயிடோணும். அப்புறம் இந்த வருசம் பாவடிக்குள்ள காலே வைக்கக் கூடாது. சம்மதம்னா ஆடுங்க, இல்லீன்னா ஊட்டுக்குப் போங்க!"

ஒருவன் வெளியே போனாலும் என்னிடம் பத்துப் பேர்தான் மிச்சம். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தேன்.

நூல் வேலி

முதல் நாள் எங்களைப் பார்க்க ஆடுகள் மட்டும் இருந்தன. ஒரு வாரத்தில் ஊரே திரண்டுவிட்டது. வேட்டியில் பஞ்சு ஒட்டியபடி தறியிலிருந்து எழுந்து வந்தவர்கள், சந்தைக்கு வந்து பனமரத்துப்பட்டிக்குத் திரும்புகிற வண்டிக்காரர்கள், பொரி விற்கும் ராமாயி, அவள் பொரிக்கு வந்த காக்கைகள். பந்து எங்கே போகிறதோ கூட்டமும் அங்கே போகும். சுண்ணாம்புக் கோடு போட்டேன், கால் பட்டு அழிந்தது. விசில் ஊதினேன், காக்கை பறந்தது. அழாத குறைதான்.

கடைசியில் கயிறு வாங்க வழியில்லாமல், பக்கத்து வீட்டில் முறுக்கு நூல் கேட்டு வாங்கி, முளையடித்து, கோடியில் ஒரே ஒரு வழி விட்டு, முழங்கால் உயரத்துக்குச் சுற்றிக் கட்டினேன். மறுநாள் பார்த்தால், அடடா, ஒருவரும் நூலைத் தாண்டவில்லை! விரித்துக் கட்டிய நூலைத் தாண்டுகிற வழக்கமே அந்தத் தெருக்களில் கிடையாதாம். நடக்கப் பழகும்போதே சுற்றிக்கொண்டு போகப் பழகியவர்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பந்து முதல் தடவை வெளியே போகும்வரை மெச்சிக்கொண்டேன். இடது ஓரத்தில் ஆடிய சடையப்பன் அதை எடுக்க ஓடினான். அந்தத் தெருப் பையன்தான், காற்றாய்ப் பறப்பான். நூலுக்குப் பக்கத்தில் போனதும் சடக்கென்று நின்றான். திரும்பினான். நூலை ஒட்டியே ஓடிப் பாவடியின் கோடிக்குப் போய், சுற்றி வெளியே வந்து, பந்தைப் பொறுக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பிச் சுற்றிக்கொண்டு வந்தான். அதற்குள் மற்றவர்கள் உட்கார்ந்து ராமாயியிடம் பொரி வாங்கித் தின்று முடித்துவிட்டார்கள். என் பதினொரு பேரில் ஏழு பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "தாண்டித் தொலையேண்டா!" என்று கத்தினேன். கோயிலுக்குள் செருப்போடு போகச் சொன்னவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான்.

"கட்டின நூலை நான் தாண்ட மாட்டனுங்க சார். வேணும்னா பந்தைச் சுத்திக்கிட்டு வரச் சொல்லுங்க!"

சும்மா நிற்கிறவன்

பக்கத்துக்கு ஒரு வாசலாக நூலை விட்டுக் கட்டிய பிறகுதான் ஆட்டம் நகர்ந்தது. பாவு இழுத்துக் கட்டக் கோடிக்கு இரண்டாக நட்ட கற்களே எங்களுக்குக் கோல். ஒரு கோடியில் அவற்றுக்கு நடுவில் நின்றவன் கருப்பண்ணன், சேந்தமங்கலத்துப் பக்கம் குடியானவர் வீட்டுப் பையன். கை ஒவ்வொன்றும் முறம். ஒரு நாள் அவன் அப்பா, மகன் படிக்கிற அழகைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்தவர், நேரே பாவடிக்கு வந்து சேர்ந்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போனது. மெல்ல என்னிடம் வந்து, "ஏனுங்க, மத்த பசங்கெல்லாம் நாக்குத் தள்ள ஓடறாங்க. எம்பையனை மட்டும் கல்லுக்கு நடுவாலே நிறுத்தி வெச்சிருக்கறீங்க. அவன் மேல ஏதாச்சும் கோவமுங்களா?" என்றார்.

அவருக்கு எப்படிச் சொல்வது? சோளக்காட்டுக்குக் காவல் வைக்கிறதில்லையா, அதுபோல இவன் காவல்காரன், மாடு உள்ளே போகாமல் பார்க்கிறவன் என்றேன். அந்தச் சமயம் பார்த்துப் பந்து பறந்து வந்தது. கருப்பண்ணன் ஒரே தாவாகத் தாவிக் கையில் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கூட்டம் ஓவென்று கத்தியது. பெரியவருக்குப் பூரிப்பில் வாயெல்லாம் பல். ஆனாலும் புறப்படும்போது மனசில் ஒரு குறையோடுதான் புறப்பட்டார்.

"காவலுக்கு நிறுத்தினது செரிங்க சாமி. அதுக்குன்னு கையில ஒரு தடி கூடக் குடுக்காமயா நிறுத்துவாங்க?"

கட்சி

பதினொரு பேரை இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கம் ஐந்துதான் வரும். குறைக்கு நான் ஆடுவேன், வாயில் விசிலோடு. ஒரு கட்சிக்குச் சட்டை, மற்றதற்கு வெற்றுடம்பு. எப்படியோ மேலத்தெரு சட்டைக் கட்சியையும் கீழத்தெரு வெற்றுடம்பையும் தத்தெடுத்துக்கொண்டன. அங்கமுத்து எந்தக் கட்சியிலும் சேரவில்லை. தினமும் ஓரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நூலைச் சிக்கெடுப்பார். "வேடிக்கை பாக்க வரல்லே, பாவைப் பாத்துக்க வந்தேன்" என்பார். ஆனால் பந்து கோலை நெருங்கும்போது அவருடைய வலது கால் தானாக மண்ணை மிதிக்கும். நான் பார்த்துவிட்டேன், சொல்லவில்லை.

ஒரு நாள் சடையப்பனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி மறு கட்சிக்கு மாற்றினேன். பயிற்சி என்றால் மாற்றித்தானே ஆகவேண்டும்? மேலத்தெருவே எழுந்து நின்றுவிட்டது. துரோகம் என்றார்கள், கீழத்தெரு எனக்குச் சாப்பாடு போட்டது என்றார்கள். அடுத்த நாள் திரும்ப மாற்றியதும் கீழத்தெரு அதையே சொன்னது. நடுவில் மாட்டிக்கொண்டவள் ராமாயி, கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

"நேத்து அடிச்ச பக்கம் இன்னைக்கு அடிக்க மாட்டேங்கறானே, நான் யாருக்குன்னு கத்தறது? எனக்கு இருக்கறது ஒரு தொண்டை, வாத்தியாரே!"

உதை

பங்குனி கடைசியில், சொன்னபடி பிரின்சிபால் வந்தார். வாசலுக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்த்தினோம். அன்றைக்கென்று வடக்கு ஓரத்தில் ஒரு பாவு விரித்திருந்தது. அங்கமுத்துவின் சொந்தப் பாவு, சித்திரையில் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்குக் கேட்ட சேலைகளுக்காக. "அந்தப் பக்கம் பார்க்கக்கூடக் கூடாது, மெதுவாக அடியுங்கள், எனக்குப் பதினொரு பேரும் வேண்டும்" என்று ஒவ்வொருவனிடமும் கெஞ்சினேன்.

பையன்கள் பதவிசாக ஆடினார்கள், பாவம். சடையப்பன் தட்டிய பந்து தரையோடு தரையாக உருண்டு வடக்கு ஓரத்துக்கே போய், நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அங்கமுத்துவின் காலடியில் நின்றது. அவர் எழுந்தார். பந்தைப் பார்த்தார். கையால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஒன்றரை மாதமாக மண்ணை மிதித்துக்கொண்டிருந்த கால் கேட்குமா? விட்டார் ஒரு உதை! பழக்கமில்லாத உதை, கோணிக்கொண்டு போய் அவருடைய பாவிலேயே விழுந்தது. படபடவென்று இழைகள் அறுந்தன.

கூட்டம் முழுக்க அங்கமுத்துவைப் பார்த்தது. கிட்டப்பார்வைக்காரரான பிரின்சிபால் மட்டும், "பலே! எந்த வகுப்புப் பையன் அது?" என்று உரக்கக் கேட்டார். அங்கமுத்து அவரைப் பார்க்கவில்லை, பாவுக்குப் பக்கத்தில் போய்க் குந்தி இழைகளை முடிய ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தக் கோபத்தில் எங்களை விரட்டினால்கூட நியாயந்தானே? அப்போது சடையப்பன் போய் எதிரே உட்கார்ந்தான். பின்னாலேயே மற்ற ஆறு நெசவாளர் வீட்டுப் பையன்களும் போனார்கள். சொல்லிக்கொடுக்காமலே விரல்கள் ஓடின. கருப்பண்ணன் பந்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஆளைக் கிட்டே விடாமல் காவல் நின்றான். கடைசி இழையும் முடிந்த பிறகு ராமாயிதான் வாயைத் திறந்தாள். "ஏனுங்க பெரியதனக்காரரே, இப்ப யாரு வெளிய போறது?"

அங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். நூலை ஒட்டியே நடந்து, நாற்காலியைத் தாண்டி, வாசல் வழியாக வெளியேறி ரோட்டில் போய் நின்றார். இம்முறை முதுகைக் காட்டவில்லை, எங்களைப் பார்த்தபடி நின்றார். நாங்கள் மரமாக நிற்பதைக் கண்டு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் சொன்ன சொல்லு எனக்கும்தான். ரோட்டுல நின்னு பாக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லையே! பதினோரு பேரும் அப்படியே இருக்கறாங்கல்ல? அப்புறம் என்ன முழிக்கறீங்க வாத்தியாரே, விசிலை ஊதுங்க!"

அடுத்த வருஷம் அந்த டீம் எத்தனை ஆட்டம் ஜெயித்தது என்று மட்டும் கேட்காதீர்கள். விசிலை ஊதச் சொல்லி ஒரு மனுஷர் ரோட்டிலிருந்து கத்தி, ஊதினதும் ஒரு ஊரே திரும்பிப் பார்த்த பாக்கியம் உங்களில் எந்த டிரில் மாஸ்டருக்குக் கிடைத்திருக்கிறது, அதைச் சொல்லுங்கள்!